மின்னும் தரைக்குக் கீழே

புலம்பெயர்ந்த மண்ணில் சொந்தமாக ஒரு வீடு வாங்குவது எம்மவருக்கு வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று. வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் கைவிறைக்க உழைத்துச் சேர்த்த பணத்துடன் ஒஸ்லோ வந்தவர்கள் எம்மிற் பலர். ரொம்மன், ஸ்தொவ்னர், பூருசெத் என, நகரின் கிழக்கேயுள்ள அடுக்குமாடிகளில் வங்கிக் கடனோடு குடிபுகுந்தோம். 1960களிலும் 1970களிலும் எழுந்த கட்டடங்கள் அங்கு ஏராளம். அவற்றில் முதலில் கண்ணை உறுத்துவது குளியலறையே. மங்கிப்போன பிளாஸ்ரிக் விரிப்பை அகற்றிப் புது ரைல் பதிக்கவேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழும்.

நாமும் அவ்வாறே ஆசைப்பட்டோம். தெரிந்தவர் ஒருவர் வார இறுதிகளில் வந்து பதித்துத் தந்தார். கூலி கைக்குக் கை மாறியது. ஒரு துண்டுக் காகிதமும் எழுதப்படவில்லை. வந்த விருந்தினர் அனைவரும் தரையைப் புகழ்ந்தனர். இரண்டு பனிக்காலங்கள் கழிந்தபின் ஒருநாள் மாலை, கீழ்வீட்டு முதியவர் எமது மணியை அழுத்தினார். அவரது கூரைத்தளத்தில் பழுப்பு நிறக் கறை ஒன்று படர்ந்திருந்தது. அவர் கோபிக்கவில்லை. அதுவே எமக்கு அதிக வெட்கத்தைத் தந்தது.

ஊரில் நாம் கிணற்றடியில் குளித்தவர்கள். அள்ளி ஊற்றிய நீர் வாய்க்கால் வழியே வாழையடிக்குப் போகும். சிந்தியதை மண் குடிக்கும். இங்கோ சிந்தும் நீருக்குக் கீழே இன்னொரு குடும்பம் வாழ்கிறது. ரைல் பதித்தால் தரை நீர்காக்கும் என எண்ணினோம், அது தவறு. ரைல்களுக்கு இடையே பூசும் சாந்தின் ஊடாக நீர் மெல்ல இறங்கவே செய்யும். அதைத் தடுப்பது ரைலுக்குக் கீழே பூசப்படும் நீர்த்தடுப்புப் படலம். 'ஸ்லுக்' எனப்படும் தரை வடிகால் வாயினுள் அப்படலத்தை இறக்கி, வளையத்தால் இறுக்கிப் பிடிக்கவேண்டும். எமது வீட்டில் அந்த இறுக்கமே இருக்கவில்லை என்பது தரையை உடைத்த பின்னரே தெரியவந்தது.

இரண்டாம் முறை நாம் கற்றவற்றை வாசகர்களுக்குச் சொல்வது எமது கடன்.

அடுக்குமாடியாயின் முதலில் கூட்டுறவுச் சங்க நிருவாகக் குழுவிடம் பேசுங்கள். ஸ்லுக்கும் குழாய்களும் பெரும்பாலும் கட்டடம் முழுவதற்கும் உரிய விடயங்கள். நோர்வேயில் அஸ்பெஸ்ரஸ் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது 1985இல். அதற்கு முற்பட்ட வீடாயின் பழைய விரிப்பிலும் அதன் பசையிலும் அது இருக்கக்கூடும், பரிசோதிக்காமல் உடைத்தலாகாது.

அடுத்தது சரிவு. ஸ்லுக்கைச் சூழ 80 சென்ரிமீற்றர் தூரத்துக்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும். அதாவது 16 மில்லிமீற்றர் இறக்கம். வாசற்படியில் படலத்தின் மேல்விளிம்பு, ஸ்லுக்கின் மூடியிலிருந்து குறைந்தது 25 மில்லிமீற்றர் உயர்ந்திருத்தல் வேண்டும். ஸ்லுக் அடைபட்டு நீர் தேங்கினாலும் அது அடுத்த அறைக்குள் புகாதிருக்கவே இந்த ஏற்பாடு. சுவரும் தரையும் சந்திக்கும் மூலைகளைச் சாந்தால் அன்றிச் சிலிக்கனால் அடைக்கவேண்டும். கட்டடம் அசையும்போது சாந்து வெடித்துவிடும். தரையைச் சூடாக்கும் மின்கம்பியை இணைப்பது பதிவுபெற்ற மின் நிறுவனத்தின் வேலை. வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டமும் எமக்குத் துணைநிற்கிறது. 1989ஆம் ஆண்டின் கைவினைச் சேவைச் சட்டப்படி, தொழிலாளர் தரும் விலை மதிப்பீட்டை இறுதிக் கணக்கு 15 வீதத்துக்கு மேல் தாண்டலாகாது. குறை கண்டதும் தாமதியாது முறையிடவேண்டும். இத்தகைய வேலைக்கு இறுதி எல்லை பொதுவாக ஐந்து ஆண்டுகள். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாதவர் எதைக் காட்டி முறையிடுவார்? 10,000 குரோணருக்கு மேற்பட்ட கூலியை வங்கி ஊடாகச் செலுத்தாவிடின், வேலை செய்தவர் ஏய்த்த வரிக்கு வீட்டுக்காரரும் பொறுப்பாளியாக நேரலாம். விதிப்படி செய்யாத வேலையால் சேதம் விளைந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டைக் குறைக்கவும் கூடும்.

2022 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த வீட்டு விற்பனை விதிகள் இதனை மேலும் இறுக்கின. வீட்டை விற்கும்போது நிலை அறிக்கை எழுதுபவர், அயலறைச் சுவரில் துளையிட்டுக் குளியலறையின் ஈரத்தை அளக்கிறார். வேலைக்கான ஆவணங்களையும் கேட்கிறார். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும், குறிப்பாக ரைல் மூடுமுன் படலத்தையும் ஸ்லுக்கையும், படமெடுத்து வைத்திருங்கள். பற்றுச்சீட்டுகளோடு அவையும் வீட்டின் சொத்தே.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கைக்கூலிக்கு முழங்காலில் நின்று ரைல் பதிப்பவரும் பலவேளை எம்மவரே. வதிவிட முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞராகவும் இருக்கலாம். பதிவில்லா வேலையில் அவருக்கு ஓய்வூதியப் புள்ளி சேராது. முதுகு முறிந்தால் நோய்க்காலக் கொடுப்பனவும் கிடையாது. நாம் மீதப்படுத்திய பணம் அவரது நாளையிலிருந்து எடுத்ததே. இத்தொழிலுக்கு நோர்வேயில் முறையான பயிற்சியும் சான்றிதழும் உண்டு. அனுமதி கிடைத்ததும் கைத்திறன் உள்ள எமது பிள்ளைகள் அதனைப் பெற்றுக்கொள்வார்களாயின், எம்மவரை நம்பி வேலை கொடுக்க எவரும் அஞ்சவேண்டியதில்லை.

கீழ்வீட்டு முதியவரின் கூரைத்தளத்துக்கு எமது செலவில் வெள்ளை பூசிக் கொடுத்தோம். இப்போது எமது குளியலறையில் இருப்பது சாதாரண சாம்பல் நிற ரைல். விருந்தினர் எவரும் அதனைப் புகழ்வதில்லை. கீழேயிருந்து எவரும் வந்து மணியை அழுத்துவதும் இல்லை.