மிச்சம் எல்லார் தட்டிலும் விழட்டும்!



மீந்துபோன சாப்பாட்டை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டால், நாம் ஒவ்வொருவரும் பத்துக் குறிப்பாவது சொல்வோம். ஆனால், அதைச் சாப்பிடுவது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது ஒரே ஒருத்தர் வயிற்றுக்குத்தான் போகிறது. வேறு யார், நாம்தான்! சிக்கனத்தைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் கணவர் வேலை பார்த்த நூற்பாலை 2023-ல் மூடப்பட்டது. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மாதம் 14 ஆயிரம் ரூபாய். மாமியாரோடு சேர்த்து வீட்டில் 5 பேர். வாடகை, பிள்ளைகள் படிப்பு, மாமியாரின் மருந்து எல்லாம் போக, அடுப்படிக்கு மிஞ்சுவது 5,500 ரூபாய்தான். ரேஷன் அரிசி கை கொடுக்கிறது. "இந்தக் காசுல எப்படிம்மா ஓட்டுறே?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். எதையும் கொட்டுவதில்லை, எதையும் புதுசாகத்தான் வாங்க வேண்டும் என்ற வீம்பும் இல்லை. அவ்வளவுதான் ரகசியம்!

முதலில் சோறு. இரவு மீந்த சோற்றைச் சூட்டோடு மூடி வைக்கவே கூடாது. அகலமான தட்டில் பரப்பி, ஆறியதும் மண்சட்டியில் போட்டு, மூழ்கும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் தேவாமிர்தம்! கொழகொழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டி விட வேண்டியதுதான். வெந்த சோற்றிலும் பிழைத்துக் கிடக்கிற சில கிருமிகள், சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி விஷத்தை உண்டாக்கி விடும். அந்த விஷம் மறுபடி சுட வைத்தாலும் போகாது. நாலு பிடி சோற்றுக்கு ஆசைப்பட்டு ஆஸ்பத்திரிக்குச் செலவழித்தால் அது என்ன சிக்கனம்?

வெயில் காலத்தில் மதியம் சோறு மீந்தால், பச்சை மிளகாய், சீரகம், உப்பு, பெருங்காயம் சேர்த்து அரைத்து, மொட்டை மாடியில் துணி விரித்துக் கிள்ளி வைத்து விடுவேன். இரண்டு மூன்று நாள் காய்ந்தால் சாத வடகம் தயார். மழைக் காலத்துக்கு அப்பளம் வாங்கும் செலவு மிச்சம்.

புளித்துப் போன தோசை மாவில் கொஞ்சம் ரவை, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றினால், பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் பிள்ளைகள் "இன்னும் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். மீந்த பொரியலை அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ பிசைந்து விடலாம். பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல் இரண்டும் துவையலுக்கு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு. வடித்த கஞ்சி பருத்திப் புடவைக்கு!

குழம்பு மீந்தால் என் மாமியார் கை வைத்தியம் ஒன்று உண்டு. அவர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாண வீடுகளில் மீந்த குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கொதிக்க விட்டுச் சுண்ட வைப்பார்களாம். சுண்டக்கறி என்று பெயர். விருந்தை விட அதற்குத்தான் அடிதடி என்பார்! ஒன்று மட்டும் கவனம். புளிக்குழம்பு மறுநாளும் தாங்கும். பருப்பும் தேங்காயும் சேர்ந்தது சீக்கிரம் ஊசிப் போகும். அதை அன்றைக்கே சுண்ட வைத்து விட வேண்டும்.

அடுத்தது பாத்திரம். எங்கள் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருட்கள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் கூட வந்து, அலங்காரத்துக்கு வாங்கிப் போவார்கள். நமக்கு வேண்டியது அலங்காரம் இல்லையே! ஊருக்குள் எடைக்கு எடுக்கும் சின்னக் கடைகளில் நல்ல பாத்திரங்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். முதல் தடவை ஒரு இரும்புத் தோசைக்கல்லை 150 ரூபாய்க்கு வாங்கி வந்தபோது, மாமியார் முகம் சுளித்தார். "எவ வீட்டு அடுப்புல கெடந்ததோ! நம்ம வீட்டுக்கு இந்தக் கதியா வரணும்?" என்றார். என் கணவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் விட்டார். வேலை போனதை விட அது அவருக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "அத்தை, நீங்க கட்டிட்டு வந்த வெங்கலப் பானையும் உங்க பாட்டி பொங்கினதுதானே? கடையில காசு குடுத்து வாங்கினா மட்டும் தீட்டா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால், கல்லைத் தேய்க்கத் தேங்காய் நாரை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்!

பழைய இரும்புக் கல்லை, செங்கல் பொடி வைத்துத் துரு போகத் தேய்த்து, இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் ஊற விட்டு, கழுவித் துடைத்துச் சூடாக்கி, நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துப் பழக்க வேண்டும். வாங்கும்போதே சமதரையில் வைத்து ஆடுகிறதா பாருங்கள். தட்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் விரிசல் இருக்கும்.

எதை வாங்கக் கூடாது என்பதும் முக்கியம். பூச்சு உரிந்த நான்-ஸ்டிக் வேண்டாம். உள்ளே சில்லு பெயர்ந்த எனாமல் பாத்திரம் சமையலுக்கு ஆகாது. பித்தளையில் ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால், பூசாமல் புளி, தக்காளி, மோர் எதையும் வைக்காதீர்கள். நாம் ஈயம் என்று சொல்லிப் பூசுவது வெள்ளீயம், விஷமானது காரீயம். எனவே நம்பிக்கையான ஆளிடம்தான் பூச வேண்டும். எங்கே செய்தது என்று தெரியாத ஹிண்டாலியம் சட்டியும் வேண்டாம். சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலியம் பாத்திரங்களில் இருந்து உணவில் காரீயம் இறங்கக்கூடும் என்று 2025-ல் அமெரிக்க உணவு, மருந்துத் துறையே எச்சரித்திருக்கிறது. குக்கரின் அடி உப்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். நல்ல குக்கராக இருந்தாலும், கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அதே கம்பெனியுடையது புதிதாகப் போட்ட பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.

இனி முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு பள்ளியில் நடந்த முகாமில், பத்தாவது படிக்கும் என் மகளுக்கு ரத்தம் பரிசோதித்தார்கள். ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. 12 இருக்க வேண்டுமாம். அவளை விட இரண்டு வயது சின்னவனான தம்பி திடகாத்திரமாக இருக்கிறான். ஒரே வீடு, ஒரே உலைச் சோறு, எப்படி இப்படி? யோசித்தால் புரிந்தது. அப்பாவும் தம்பியும் பாட்டியும் சாப்பிட்ட பிறகு, அவள் என்னோடு உட்காருவாள். குழம்பில் காய் தீர்ந்திருக்கும். கீரை அடிமட்டத்தில் இருக்கும். காலையில் அவர்களுக்கு இட்லி, எங்களுக்குப் பழையது. யாரும் சட்டம் போட்டுச் செய்ததில்லை. என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார், மாமியாரும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 57! அத்தனை வீட்டு அடுப்படிக் கதையும் இதே போல்தானோ என்னவோ!

அன்று இரவே சொல்லி விட்டேன். "இனிமே எல்லாரும் ஒண்ணா உட்காருவோம். பழையதுன்னா அஞ்சு பேருக்கும் பழையது. இட்லின்னா அஞ்சு பேருக்கும் இட்லி." மாமியார் கொஞ்சம் முணுமுணுத்தார். என் கணவர்தான், "அவ சொல்றது சரிதானம்மா, எனக்கும் பழையது ஊத்தச் சொல்லு" என்றார். மகளுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையைத் தவறாமல் கொடுத்தோம். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தினோம். தினம் ஒரு நெல்லிக்காய். தக்காளித் தொக்கும் புளிக்கீரையும் பழைய இரும்புச் சட்டியில்தான். இரும்புச் சட்டி மருந்து ஆகாது. ஆனால், புளிப்பு வேகும்போது கொஞ்சம் இரும்புச்சத்து இறங்கும் என்பது உண்மை. ஆறு மாதத்தில் 11.6-க்கு வந்து விட்டாள்.

இன்னொரு வேடிக்கை! எல்லார் தட்டிலும் மிச்சம் விழ ஆரம்பித்ததும், மிச்சமே குறைந்து விட்டது. "நாளைக்கும் இதேவா?" என்ற பயத்தில், என் மகனே அரிசி அளக்கும்போது, "அரை ஆழாக்கு குறைச்சுப் போடும்மா" என்கிறான்!

சகோதரிகளே, சிக்கனம் நல்லதுதான். ஆனால், அது நம் உடம்பில் மட்டும் பிடிக்கிற சிக்கனமாக இருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லாமலே ரத்தம் பார்க்கிறார்கள். இந்த வாரமே மகளையும் அழைத்துப் போய், இரண்டு பேரும் பார்த்துக் கொண்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, காரைக்குடி.