மூன்றாம் மாதத்தில் வரும் கடிதம்



ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, அறை வாசலில் ஒரு தாய் நின்றார். கையில் நாலாக மடித்த ஒரு கடிதம். அவருடைய மகன் போதைப்பொருள் பழக்கத்திலிருந்து விடுபடுவதற்காக, வீட்டிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஒரு புனர்வாழ்வு இல்லத்தில் தங்கியிருந்தான். அங்கு சென்று பதினொரு வாரங்களாகியிருந்தன. 'அம்மா, எனக்கு இப்ப நல்ல சுகம். அதை நினைக்கிறதே இல்லை. நத்தாருக்கு முதல் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ' என்று எழுதியிருந்தான்.

"என்ன செய்ய, சுவாமி? போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

நான் உடனே பதில் கூறவில்லை. இத்தகைய காரியங்களில் உடனடியாகப் பதில் கூறி ஒரு மனிதனுக்குத் தீங்கிழைத்தவன் நான்.

குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட புதிதில் நடந்த சம்பவம் அது. மதுவுக்கு அடிமையான ஒரு குடும்பத் தலைவரை அவருடைய மனைவி என்னிடம் அழைத்து வந்தார். நான் அவரைப் பீடத்தின் முன் முழந்தாளிடச் செய்து, திருச்சிலுவையில் கை வைத்து, ஓராண்டுக்கு மதுவைத் தொடுவதில்லை எனச் சத்தியம் செய்வித்தேன். அவரும் கண்ணீரோடு அதனைச் செய்தார். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஒன்பது நாட்கள் அவர் தம் வாக்கைக் காப்பாற்றினார். பத்தாம் நாள் தவறினார். அதன் பின்னர் அவர் ஆலயத்துக்கு வரவேயில்லை. கடவுளுக்கு முன்பாகச் செய்த சத்தியத்தை மீறியவன் எந்த முகத்தோடு கோவில் வாசலை மிதிப்பது என்று மனைவியிடம் கேட்டாராம். குடியை விடுவிக்க நான் கொடுத்த மருந்து, குடியை விட்டுவைத்துக் கோவிலை விடுவித்துவிட்டது.

ஒன்பது நாள் மட்டுமே தாங்கக்கூடிய ஒருவரிடம் ஓராண்டை ஒரே மூச்சில் கேட்டது என் தவறு. மனவுறுதி இருந்தால் போதும் என்று நம்பினேன். போதைக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பதையும், அந்த நோய் முதலில் தாக்குவது மனவுறுதியையே என்பதையும் பின்னரே கற்றுக்கொண்டேன்.

வைத்தியர்கள் கூறுவதைச் சற்றுக் கேளுங்கள். நீண்ட காலம் மிகையாகக் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தும்போது முதல் சில நாட்களில் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் உண்டாகும். சிலருக்கு வலிப்பும், இல்லாததைக் காணும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் அத்தகையவரை வீட்டு அறையில் பூட்டி வைப்பதோ, வைத்தியரிடம் காட்டாமல் செபக்கூட்டத்துக்கு இழுத்துச் செல்வதோ பெரும் தவறு. வைத்தியசாலையில் சில நாட்கள், அல்லது ஓரிரு வாரங்கள் வைத்துப் பராமரித்தால் இந்தக் கட்டம் கடந்துவிடும். உடல் சுத்தமாகிவிடும். முகம் தெளியும், பசி எடுக்கும். 'பிள்ளை மாறிவிட்டான்' என்று வீட்டார் மகிழ்ந்து அவனை அழைத்து வருவதும் அப்பொழுதுதான்.

லூக்கா நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் ஒரு சிறு உவமை உண்டு. ஒருவனை விட்டு வெளியேறிய தீய ஆவி அலைந்து திரிந்து திரும்பி வருகிறது. வந்து பார்த்தால் வீடு கூட்டிப் பெருக்கி அழகாக இருக்கிறது. தன்னிலும் கொடிய ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே குடியேறுகிறது. அவனது பின்னைய நிலை முன்னையதிலும் கேடாகிறது. அந்த வீட்டில் அழுக்கு இல்லை. ஆனால் ஆட்களும் இல்லை. யாரும் குடியிருக்காத வீடு அது. இருபது நாட்களில் சுத்தமாகி வீடு திரும்பும் இளைஞனின் நிலையும் இதுவே. முன்பு போதை நிரப்பியிருந்த மாலை நேரத்தை இனி எது நிரப்பும்? அவனுக்குத் தெரிந்த நண்பர்கள் யார்? கோபம் வந்தால், தோல்வி வந்தால், கையில் சம்பளம் வந்தால் என்ன செய்வது என்று யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இன்னுமொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சில வாரங்கள் ஹெரோயினை விட்டிருந்தவருடைய உடல் அதனைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அவர் மீண்டும் பழைய அளவையே எடுத்தால், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது உயிரைக் குடித்துவிடும். அவசரப்பட்டு அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் சிலரைப் பெட்டியில் வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்ததன் பின்னணி இதுவே.

அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் தனது சிகிச்சை நெறிகளில், 90 நாட்களுக்குக் குறைந்த சிகிச்சையினால் கிடைக்கும் பயன் மட்டுப்பட்டதே என்று குறிப்பிட்டுள்ளது. தொண்ணூறு நாட்கள் என்பது முடிவல்ல, ஆரம்பம் என்றே நாம் அதனை வாசிக்க வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு, அதற்கும் மேலாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து குணமடையும் இல்லங்கள் உலகெங்கும் உருவானமைக்குக் காரணம் உண்டு. அவற்றுள் நம் திருச்சபைக்குள்ளே பிறந்த ஒன்றைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

இத்தாலியைச் சேர்ந்த அருட்சகோதரி எல்விரா பெத்ரோற்சி 1937ஆம் ஆண்டு பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் வறுமை. தந்தையோ குடிக்கு அடிமை. பத்தொன்பது வயதில் துறவற சபையொன்றில் சேர்ந்தார். வீதியோரங்களில் போதையில் கிடந்த இளைஞர்களைக் கண்டபோது, இவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேட்கை அவருள் எழுந்தது. சபைத் தலைவர்களிடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. மீண்டும் கேட்டார். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். இறுதியில் 1983 யூலை 16ஆம் திகதி, கார்மேல் அன்னையின் திருநாளன்று, சலூற்சோ நகரின் மலைச்சரிவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வீட்டின் சாவி அவர் கைக்கு வந்தது. கதவுகளும் யன்னல்களும் சிதைந்துபோன வீடு. அதனைத் திருத்தத் தொடங்கிய நாட்களிலேயே இளைஞர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அதுவே இன்று பல நாடுகளில் பரந்திருக்கும் 'செனக்கொலோ' குழுமம். மேல்மாடி அறை என்பது அதன் பொருள்; சீடர்கள் அச்சத்தோடு கதவடைத்திருந்து, தூய ஆவியைப் பெற்று வெளியே வந்த அதே அறை. அன்னை எல்விரா 2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி இறைபதம் எய்தினார்.

அந்த இல்லங்களில் கட்டணம் இல்லை. பெரும்பாலானோர் மூன்று ஆண்டுகளளவில் அங்கே தங்குகின்றனர். மூன்று ஆண்டுகள்! நம்முடைய வீடுகளில் இதைச் சொன்னால், 'படிப்பு என்னாவது, வெளிநாட்டுப் பயணம் என்னாவது' என்றே முதலில் கேட்பார்கள். அங்கே தொலைக்காட்சி இல்லை, கையடக்கத் தொலைபேசி இல்லை, சிகரெட்டும் இல்லை. அதிகாலையில் எழுந்து செபமாலை, பின்னர் வேலை. மாடு பார்ப்பது, தோட்டம் கொத்துவது, மரவேலை, கட்டட வேலை, சமையல். நாளுக்கு மூன்று தடவை செபமாலை, நற்கருணை ஆராதனை. இரவில் தானாக எழுந்து சிற்றாலயத்தில் தனியே முழந்தாளிடுவோரும் உண்டு.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது இவையல்ல. புதிதாக வரும் ஒவ்வொரு இளைஞனுக்கும் ஒரு 'காவல் தூதர்' நியமிக்கப்படுகிறார். அவர் வைத்தியரோ குருவோ அல்ல; அதே படுகுழியில் விழுந்து, சில காலம் முன்னர் அந்த வீட்டுக்கு வந்தவர். முதல் வாரங்களில் இரவும் பகலும் அவர் புதியவனுடைய பக்கத்திலேயே இருக்கிறார். அவன் உறக்கமின்றிப் புரளும்போது விழித்திருக்கிறார், ஓடிப்போக எத்தனிக்கும்போது பேசிப் பார்க்கிறார், திட்டினால் வாங்கிக்கொள்கிறார். நேற்றுவரை தன் தாயின் சங்கிலியைத் திருடி விற்றவன், இன்று இன்னொருவனுக்காகத் தன் உறக்கத்தை விடுகிறான். இந்தக் காவல் வேலையில் குணமடைவது யார், புதியவனா பழையவனா என்று கேட்டால், எனக்கு இரண்டாமவனே என்று தோன்றுகிறது. இந்த மாற்றத்துக்கு ஓராண்டாவது வேண்டும். பெறுவதற்கு மட்டுமே பழகிய கை கொடுப்பதற்குத் திரும்ப அவ்வளவு காலம் எடுக்கிறது.

அதே 1983ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் குவாரத்திங்கெத்தா நகரிலும், தெருமுனையில் போதைப்பொருள் பாவித்துக்கொண்டிருந்த இளைஞர்களை நெருங்கிப் பேசத் தொடங்கிய நெல்சன் என்ற பங்கு இளைஞராலும், ஹான்ஸ் ஸ்ராப்பெல் என்ற பிரான்சிஸ்கன் குருவாலும் 'நம்பிக்கைப் பண்ணை' என்னும் இல்லம் உருவாயிற்று. அங்கே தங்கும் காலம் ஓராண்டு. 2007 மே 12ஆம் திகதி பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அங்கு சென்று அந்த இளைஞர்களைச் சந்தித்தார். போதைப்பொருள் விற்போரிடம் கடவுள் கணக்குக் கேட்பார் என்று அங்கேதான் எச்சரித்தார்.

இவற்றைப் புகழ்வதால், இத்தகைய இல்லம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் கூறவில்லை. மனநோயும் சேர்ந்திருப்பவருக்கு மனநல வைத்தியரும் மருந்தும் அவசியம். செபிக்கும் இல்லம் என்ற காரணத்துக்காக மருந்தை நிறுத்தக்கூடாது. ஹெரோயினுக்கு அடிமையானோருக்கு வைத்தியர் கண்காணிப்பில் மாற்று மருந்து கொடுத்து உயிரைக் காக்கும் முறையும் உண்டு; அதைப் பலவீனமென்று இகழ வேண்டாம். புனர்வாழ்வு என்ற பெயரில் அடிப்பதும் கட்டி வைப்பதும் நடக்கும் இடங்கள் இருக்கின்றன. பிள்ளையை ஒப்படைக்கும் முன் அந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். வைத்தியர் வருகிறாரா, பெற்றோர் சென்று பார்க்க அனுமதி உண்டா, வெளியேறிய பின் யார் தொடர்ந்து கவனிப்பார்கள் என்று கேளுங்கள். மூன்று நாள் தியானத்தில் முழுச் சுகம் என்று விளம்பரம் செய்வோரிடம் இந்தக் கேள்விகளை இரண்டு தடவை கேளுங்கள்.

நான் சத்தியம் செய்வித்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் இன்னொருவரும் நினைவுக்கு வருவார். சீன நாட்டின் வைத்தியர் மாற்கு ஜீ தியான்சியாங். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். வயிற்று நோய்க்கு அபினை மருந்தாக எடுக்கப்போய் அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார். திரும்பத் திரும்ப விழுந்தார். திருந்தும் உறுதி இவருக்கு இல்லை என்று கருதிய குருவானவர் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நற்கருணை இன்றி அவர் ஆலயத்துக்கு வந்துகொண்டேயிருந்தார். 1900ஆம் ஆண்டுக் கலவரத்தில் குடும்பத்தாருடன் பிடிபட்டபோது விசுவாசத்தை மறுதலிக்காமல் உயிர் கொடுத்தார். 2000 ஒக்டோபர் 1ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் அபினிலிருந்து முற்றாக விடுபட்டாரென யாரும் கூறவில்லை. பழக்கமும் உள்ளத்தின் கட்டுக்களும் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று இன்றைய திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1735ஆம் எண்ணில் தெளிவாகவே போதிக்கிறது. அவருடைய காலத்துக் குருவானவருக்கு அது கையில் இருக்கவில்லை. எனக்கு இருந்தது.

குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செனக்கொலோ இல்லத்தில் பிள்ளை உள்ளே நடக்கும்போது பெற்றோரும் வெளியே தங்களுக்கென ஒரு பாதையில் நடக்க வேண்டும். கூட்டங்களுக்கு வர வேண்டும், செபிக்க வேண்டும், வீட்டை மாற்ற வேண்டும். ஊதாரி மைந்தன் உவமையில் தகப்பன் பன்றிகள் மேயும் தூரதேசத்துக்குக் காசு அனுப்பவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வழி பார்த்திருந்தார். மகன் திரும்பியபோது ஓடிச் சென்று கட்டியணைத்தார். ஆனால் அவனுடைய கடன்களை அடைத்து அந்த ஊரிலேயே அவனை வாழ வைக்கவில்லை. நமது தாய்மாரோ கண்ணீரோடு காசும் கொடுக்கிறார்கள். தகப்பன்மாரோ பிள்ளையின் முதல் நன்மை விருந்துக்கே பின்வளவில் போத்தல்களை அடுக்குகிறார்கள். அந்த வளவுக்குத்தான் அவன் திரும்பி வரப்போகிறான்.

அந்தத் தாயிடம் நான் கேட்டேன்: "அம்மா, அவன் வந்தால் அவனுடைய அறையில் முதலில் யார் வந்து கதவைத் தட்டுவினம்?"

அவர் யோசித்தார். பக்கத்துத் தெருவிலுள்ள இரண்டு பெடியன்களின் பெயர்களைச் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் இல்லத்தின் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து என்னையே பேசச் சொன்னார். கடிதம் எழுதிய மறுநாள் அவருடைய மகன் புதிதாக வந்த ஒருவனுக்குத் துணையாக விடப்பட்டிருப்பதாகவும், அந்தப் புதியவன் இரவில் உறங்குவதில்லை என்பதால் இவனும் உறங்குவதில்லை என்றும் பொறுப்பாளர் கூறினார். அதை அப்படியே தாயிடம் சொன்னேன்.

அவர் கடிதத்தை மறுபடியும் நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அப்ப நத்தாருக்கு நான் அங்க போய்ப் பாக்கிறன், சுவாமி. விடியக்காலை பஸ் எத்தனை மணிக்கு?"