மான் திரும்பிய மலை, பணம் கட்டியது யார்?

சென்ற அக்டோபரில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி என்னைக் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளுக்கு அழைத்துப் போனான். விடியற்காலைப் பனியில் நீண்ட விசில் போல ஒரு சத்தம். புல்வெளியில் ஓர் ஆண் எல்க் மான் நின்றது. நம் நாட்டு ரூசாவைவிடப் பெரியது.

"இந்த மலையில் முன்பு நிலக்கரி வெட்டினார்கள், அக்கா" என்றான் தம்பி.

கென்டக்கியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எல்க் மான்கள் அற்றுப்போயின. வேட்டையும் காடழிப்பும்தான் காரணம். 1997 டிசம்பரில் கன்சாஸிலிருந்து கொண்டுவந்த 7 மான்களை இங்கே விட்டார்கள். 2002க்குள் பல மாநிலங்களிலிருந்து 1,541 மான்கள் வந்தன. சுரங்கம் மூடிய இடங்களில் வளர்த்த புல்லே அவற்றுக்கு மேய்ச்சலானது. இன்று அவை பல ஆயிரம்.

இதற்குப் பணம்? பெரும்பகுதி வேட்டைக்காரர்களுடையது என்று கேட்டு வியந்தேன். 1937இல் வந்த கூட்டரசுச் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி. அந்தப் பணம் வனவிலங்குப் பணிக்காக மாநிலங்களுக்குப் போகிறது. செலவில் 75 விழுக்காடுவரை கூட்டரசு தரும். மீதியை மாநிலம் போட வேண்டும். வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் அந்த உதவி கிடைக்காது. இந்தப் பூட்டுதான் திட்டத்தைக் காப்பாற்றுகிறது.

ஆனால் வேட்டைக்காரர்கள் குறைந்தால்? மான் பயிரை மேய்ந்தால் நட்டம் விவசாயிக்கு. வேடிக்கை பார்க்கும் என்னைப் போன்றவருக்குச் செலவே இல்லை. இது நியாயமா?

மிசோரி மாநிலம் வேறு வழி கண்டது. 1976இல் மக்களே வாக்களித்து, விற்பனை வரியில் ஒரு சிறு பங்கை இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். எட்டு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட். வேட்டையாடுபவரும் கட்டுகிறார், ஆடாதவரும் கட்டுகிறார். அந்த மாநிலம் 2011 முதல் கென்டக்கியிலிருந்து எல்க் மான்களைக் கொண்டுவந்தது.

ஊர் திரும்பிய பிறகும் அந்த ஒரு சென்ட் மனத்தைவிட்டுப் போகவில்லை. மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. அவற்றின் முக்கிய இரை ரூசா. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் நிதி தருகிறது, நல்ல தொடக்கம்தான். ஆனாலும் மரம் வெட்டினால் மாநிலத்துக்கு உடனே வருமானம். புலி அப்படி எதையும் கொடுப்பதில்லை.

எட்டு ரிங்கிட்டுக்கு ஒரு சென் கேட்டால் நான் கொடுப்பேன். நீங்கள்?