மாமல்லபுரத்துல எத்தனை அடுப்பு?

மாமல்லபுரத்தின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 12,345. ஏதோ பாஸ்வேர்டு மாதிரி இருக்கும், ஆனா நிஜமான எண். 2011-ல் அது 15,172. பத்து வருஷத்துல சுமார் 23 சதவீதம் கூடியிருக்கு. கடற்கரைக் கோயிலைப் பார்த்துட்டு சாயங்காலமே கிளம்புற கூட்டம் இதுல வராது. அங்கேயே வாழுறவங்க மட்டும்தான்.

நான் டேட்டாபேஸ்ல வேலை பார்க்குறவன். அதனால எனக்கு அடுத்த கேள்வி: தலையை எண்ணலாம், 'குடும்பம்'னு எதை எண்றாங்க? சென்சஸ் ரத்த உறவைப் பார்க்குறதில்லை, அடுப்பைப் பார்க்குது. வழக்கமா சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையல்ல சாப்பிடுறவங்க ஒரு குடும்பம்.

மாடியில அண்ணன், கீழே தம்பி, தனித்தனி சமையல்னா அது ரெண்டு குடும்பம். கேளம்பாக்கத்துல ஒரு ஃபிளாட்டை நாலு நண்பர்கள் ஷேர் பண்றாங்க; சேர்ந்து சமைச்சா ஒரே குடும்பம். பொதுச் சமையலே இல்லாம ஆளுக்கொரு சாப்பாடுன்னா நாலு குடும்பம்! அதனால 'சராசரி குடும்ப அளவு குறைஞ்சிருச்சு'ன்னு செய்தி வந்தா, குழந்தைங்க குறைஞ்சதா மட்டும் நினைக்காதீங்க. அடுப்பு பிரிஞ்சிருக்கலாம்.

2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால, தண்ணி, குப்பை, பள்ளிக்கூடம்னு திட்டம் போடும்போது கையில இருக்கிறது பழைய 2011 எண். அடுத்த கணக்கெடுப்புக்குக் குறிச்சிருக்கிற நாள் 2027 மார்ச் 1. கதவைத் தட்டினா, "எங்க சொந்த ஊர்ல எழுதிப்பாங்க"ன்னு அனுப்பிடாதீங்க. ரேஷன் கார்டு எந்த ஊர்ல இருந்தாலும், இப்போ வாழுற இடத்துலதான் நம்மளை எண்ணணும். குடிக்கிற தண்ணி இந்த ஊர் தண்ணிதானே.