அனிமே முகத்தில் வயது தெரிவது எப்படி?

பெங்களூரு காமிக் கான் விழாவில் அனிமே எனும் ஜப்பானிய அசைவூட்டப் பாணிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பல பாத்திரங்களுக்கு முகத்தில் சுருக்கமும் இருக்காது, தலையில் நரையும் இருக்காது. ஆனாலும் யார் சிறுவன், யார் பெரியவர் என்று பார்த்ததுமே சொல்லிவிடுகிறோம். எப்படி?

காரணம், முகம் வளரும் விதம். பிறந்த குழந்தையின் கண்விழி சுமார் 17 மி.மீ. குறுக்களவு, பெரியவர்களுக்கு 24 மி.மீ. முகத்தின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் கண் அதிகம் வளர்வதில்லை. மூக்கும் தாடையும்தான் பதின்பருவம் வரை நீள்கின்றன. அதனால் குழந்தைக்குக் கண்கள் பெரிதாக, தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே தெரிகின்றன. பெரியவர்களுக்கு நடுக்கோட்டிலேயே அமைகின்றன. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு; வளர்ந்தவருக்கு ஏழில் ஒரு பங்கு அளவுதான். உருண்டைத் தலை, பெரிய கண், குண்டுக் கன்னம் கொண்ட முகம் நம் பரிவைத் தூண்டுகிறது என்று 1943-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் விளக்கினார்.

அனிமேயில் எல்லோருக்குமே கண் பெரிது. எனவே கண்ணின் அளவு மட்டும் போதாது. வரைந்து பாருங்கள்: ஒரு சிறுவனின் கண்களைச் சற்று மேலேற்றி ஒடுக்குங்கள், மூக்கையும் தாடையையும் நீட்டுங்கள், கழுத்தைத் தடிப்பாக்குங்கள். ஒரு சுருக்கம்கூட வரையாமலே அவன் இளைஞனாகிவிடுவான்.