பணியாரக் கல் வாங்கப் போறீங்களா? சட்டைப் பையில் காந்தம் எடுத்துக்கிட்டுப் போங்க!

காரைக்குடி: திருவிழாக் கடைகளில் கறுகறுவென்று அடுக்கி வைத்திருக்கும் பணியாரக் கல்லைப் பார்த்ததும் கை பரபரக்கும். "இரும்புக் கல்லும்மா, ஆயுசுக்கும் வரும்" என்று கடைக்காரர் சொல்வார். வாங்குவதற்கு முன் கொஞ்சம் உஷார்.

நம்ம வீட்டிலேயே ஏமாந்த கதை இருக்கு. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு திருவிழாத் தரைக்கடையில் வாங்கிய கல். மூணே நாள். தேய்க்கத் தேய்க்க கறுப்பு எல்லாம் கையோடு வந்துடுச்சு. உள்ளே பார்த்தால் வெள்ளை வெளேர்னு அலுமினியம்! மேலே பூசியிருந்தது வெறும் கறுப்புப் பெயிண்ட். அந்தப் பெயிண்டில் சுட்ட பணியாரத்தைப் பிள்ளைங்களும் சாப்பிட்டாச்சு.

காந்தம் பொய் சொல்லாது

இரும்பு என்றால் காந்தம் ஒட்டும், அலுமினியம் என்றால் ஒட்டாது. அவ்வளவுதான் சோதனை. ஆனால் காந்தத்தைக் கல்லின் அடியில் வைத்துப் பார்க்காதீங்க, குழிக்குள்ளே வைத்துப் பாருங்க. இண்டக்சன் அடுப்புக்காக அலுமினியச் சட்டியின் அடியில் மட்டும் ஒரு இரும்புத் தகடு ஒட்டி விற்கிறார்கள். அடியில் வைத்தால் அதுவும் பிடிக்கும்.

அடுத்தது எடை. 7 குழி உள்ள வார்ப்பு இரும்புக் கல் 2 கிலோ பக்கம் வரும். ஒரு கையால் தூக்கும்போது மணிக்கட்டு இழுக்கணும். லேசா இருந்தால் தகடு. தகட்டில் மாவு வெளியே கருகும், உள்ளே வேகாது.

கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு, ஒரு ரூபாய்க் காசால் தட்டுங்க. 'ணங்' என்று இழுத்துக் கேட்டால் நல்ல கல். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல் இருக்கலாம். பிறகு ஒவ்வொரு குழியாக விரலை விட்டுத் தடவுங்க. ஊசி குத்தின மாதிரி ஓட்டை, பிசிறு இருந்தால் வேற கல் கேளுங்க. அந்த ஓட்டையில்தான் மாவு போய்ப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு நம்ம காசு.

முதல் ஈடு ஒட்டத்தான் செய்யும்

பெயிண்ட் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்து நிஜ இரும்புக் கல்லே வாங்கினோம். அன்னைக்கே மாவை ஊத்தினோம். ஒரு பணியாரம் கூட முழுசா வரவில்லை. சுரண்டிச் சுரண்டி உப்புமா ஆச்சு. "இதையும் பழைய இரும்புக்காரர்கிட்ட போடுங்க" என்று வீட்டில் ஒரே சத்தம். பக்கத்து வீட்டு ஆச்சிதான் தடுத்தார். கல்லில் குறை இல்லை, பழக்காமல் ஊத்தினது நம்ம தப்பு.

புதுக் கல்லில் துரு ஏறாமல் இருக்க எண்ணெயோ மெழுகோ தடவியிருப்பார்கள். முதலில் சோப்புப் போட்டு நல்லாத் தேய்த்துக் கழுவுங்க. சோப்புக்கு அனுமதி அந்த ஒரு தடவைதான். பிறகு அரிசி கழுவின தண்ணியில் 2, 3 நாள் ஊறப் போடுங்க. தினமும் தண்ணியை மாற்றி, தேங்காய் நாரால் தேய்க்கணும். கறுப்புத் தண்ணி குறைந்ததும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைத்து, குழிக்குக் குழி நல்லெண்ணெய் தடவி, லேசாகப் புகை வரும் வரை சூடாக்கி ஆற விடுங்க. இதையே 3, 4 நாள் திரும்பத் திரும்பச் செய்யணும்.

எண்ணெய் சூட்டில் இறுகி இரும்பு மேலே தோல் மாதிரி படியும். அந்தத் தோல்தான் மாவை ஒட்டாமல் காப்பாற்றுவது. அதற்காகக் குழி நிறைய எண்ணெய் ஊற்றிக் காய்ச்சினால் பிசின் மாதிரி பிசுபிசுக்கும். துணியில் தொட்டு மெல்லிசாத் தடவினால் போதும்.

ஓரக் குழியில் முதலில் ஊத்துங்க

இட்லி மாவு கொஞ்சம் புளித்தது இருந்தாலே போதும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் காரப் பணியாரத்தில் ஆரம்பிங்க. வெல்லம் போட்ட இனிப்புப் பணியாரம் புதுக் கல்லில் வேண்டாம். வெல்லம் சீக்கிரம் கருகி அடியில் பிடிக்கும். (செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் எல்லாம் எண்ணெயில் பொரிப்பது. அதற்கு இந்தக் கல்லே தேவையில்லை.)

தீ மிதமா இருக்கணும். குழியில் முக்கால் அளவு மாவு. கேஸ் அடுப்பில் நடுக் குழிதான் முதலில் காயும். அதனால் ஓரத்தில் முதலில் ஊத்தி, நடுவில் கடைசியா ஊத்துங்க. திருப்பும்போது நடுவில் இருப்பதை முதலில் திருப்புங்க. ஓரம் தானாக விட்டுக்கொடுத்த பிறகு குச்சியால் திருப்பினால் உருண்டு வரும். வேகும் முன்னே குத்தினால் பிய்யும். சாயங்காலக் கடை போடுகிறவர்கள் கவனியுங்க, பிய்ந்த பணியாரத்துக்கு யாரும் காசு தரமாட்டாங்க.

சுட்டு முடித்த சூட்டோடு கல்லில் பச்சைத் தண்ணி ஊற்றாதீங்க. வார்ப்பு இரும்பு விரிசல் விட்டுவிடும். கீழே போட்டாலும் உடையும். ஆறின பிறகு துடைத்து எண்ணெய் தடவி வையுங்க.

நான்ஸ்டிக் தப்பா?

அவசரத்துக்கு நான்ஸ்டிக் சுலபம்தான், மறுக்க முடியாது. ஆனால் வெறும் சட்டியை அடுப்பில் காய விடக் கூடாது. 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மேல்பூச்சு கெட ஆரம்பிக்கும். அந்தப் புகை கூண்டில் வளர்க்கும் கிளி, குருவிகளைக் கொன்றே விடும். மரக்குச்சியால் மட்டும் திருப்பணும். பூச்சு உரிய ஆரம்பித்தால் சட்டியை மாற்றிட வேண்டியதுதான்.

பாட்டி காலத்துக் கல் பரணில் துருப்பிடித்துக் கிடந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. புளியைக் கரைத்து ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற வைத்து, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் துரு இறங்கும். கழுவி உடனே அடுப்பில் காய வைத்து, புதுக் கல்லுக்குச் சொன்ன மாதிரியே எண்ணெய் தடவிப் பழக்குங்க. ஒரு வாரத்தில் பணியாரத்துக்குத் தயார்.