ஒன்பது கஜமும் ஒன்றுவிடாமல்

அமெரிக்கர் ஒருவர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ அலங்காரம், பாண்டு வாத்தியம், மூன்றடுக்கு கேக் என்று அடுக்கிக்கொண்டே வந்து, மூச்சு வாங்கும் இடத்தில் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்று முடிப்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'முழு ஒன்பது கஜம்'. பொருள், 'ஒன்றுவிடாமல் எல்லாம்'. ஒரு கதையை ஆதியோடந்தமாகச் சொல்வதற்கும் இதுதான். அரைகுறையாக விடாமல் ஒரு காரியத்தைக் கடைசிவரை செய்வதற்கும் இதுதான். பேச்சுவழக்கு என்பதால் அலுவலகக் கடிதத்தில் ஒட்டாது. 2000ல் புரூஸ் வில்லிஸ் நடித்த படம் ஒன்றுக்கு இதுவே தலைப்பு.

ஒன்பது கஜம் என்றதும் எனக்கு என் பாட்டியின் மடிசார்தான் நினைவுக்கு வரும். எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அவள் புடவையைக் காயப்போட்டால் அன்று கொடியில் வேறு துணிக்கு இடமிருக்காது. இந்தத் தொடர் அந்தப் புடவையிலிருந்து கிளம்பியது என்று சொல்பவர்களும் உண்டு. நம்பத்தான் ஆசை. ஆனால் ஆதாரம் இல்லை.

பிறந்த கதைகளுக்கு இந்தத் தொடரில் பஞ்சமே இல்லை. அதிகம் பரவியது இரண்டாம் உலகப்போர்க் கதை: போர் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்கு 27 அடி நீளத் தோட்டாச் சரமாம்; மொத்தத்தையும் எதிரிமேல் கொட்டித் தீர்த்தால் ஒன்பது கஜமாம். கான்கிரீட் லாரியின் கொள்ளளவு என்பார்கள். அமெரிக்கக் கால்பந்து என்பார்கள். அந்த ஆட்டத்தில் முன்னேற வேண்டியது பத்து கஜம், ஒன்பதோடு நின்றால் ஒரு கஜம் குறை!

இந்தக் கதைகளையெல்லாம் கவிழ்த்தவை சிற்றூர்ப் பத்திரிகைகள். இண்டியானா மாநிலத்தின் மிட்செல் என்ற ஊர்ப் பத்திரிகையில் 1907லும் 1908லும் இந்தத் தொடர் அச்சாகியிருக்கிறது. 1908ல் வந்தது மீன் பிடிக்கப் போய்த் திரும்பிய ஒருவரைப் பற்றிய துணுக்கு: அவர் அளக்கும் கதையை நாங்கள் கேட்கத் தயாரில்லை, அப்பாவி யாராவது சிக்கினால் ஒன்பது கஜமும் அவர் தலையில்தான் என்கிற தொனி. உலகப்போருக்கு வெகுகாலம் முன்பே, துப்பாக்கி வாசனையே இல்லாத இடத்தில், ஊர்வம்புக்கு நடுவே இது புழங்கியிருக்கிறது.

இதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. 1912ல் கென்டக்கி மாநிலப் பத்திரிகை ஒன்றில் இதே பொருளில் 'ஆறு கஜம்' என்று வருகிறது. 1921ல் தென் கரோலினாவில் ஒரு தலைப்பிலும் ஆறுதான். ஆறும் ஒன்பதும் ஒரே பொருளைத் தருமென்றால், எந்தத் தோட்டாச் சரத்தை, எந்தப் புடவையை எடுத்து அளப்பது? அந்த எண் எதையும் அளக்கவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

தமிழ்க் காதுக்கு இது புதிதா என்ன? 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று அம்மா கேட்டால் யார் அந்த நாலு பேர் என்று நாம் கேட்பதில்லை. 'நாலு காசு சேர்த்து வை' என்றால் ஐந்தாவது காசைத் தூக்கிப் போடுவதுமில்லை.

அதனால்தான் மொழிபெயர்ப்பில் இதை 'ஒன்பது கஜம்' என்றே எழுதிவிடும்போது வருத்தமாக இருக்கிறது. 'ஹி டோல்ட் மி தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்று ஒருவன் சொன்னால், நம் தெருவில் அது 'ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டான்'.